லோடர் லீவர் கோளாறைக் கண்டுபிடித்த கோவை ஹைட்ராலிக் பட்டறை

பொள்ளாச்சிக்கு அருகே உள்ள எங்கள் மாட்டுப் பண்ணையில், சாணம் அள்ளுவதற்காக 24 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டரில் முன்பக்க லோடர் பூட்டியிருக்கிறோம். கடந்த ஆடி மாதத்தில் அதில் இரண்டு கோளாறுகள் தலைகாட்டின. தூக்கி நிறுத்திய பக்கெட் தானாக மெல்ல இறங்கியது. கையை விட்டதும் நடுநிலைக்குத் திரும்ப வேண்டிய லீவர், அதற்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் என்றே நான் எண்ணியிருந்தேன்.

முதலில் வந்த பழுதுபார்ப்பவர், பார்த்த மாத்திரத்திலேயே, ஆயில் கசியாமல் தடுக்கும் சிலிண்டர் சீல் போய்விட்டது என்று சொல்லி, தூக்கும் சிலிண்டர்கள் இரண்டையும் கழற்றிப் புதிய சீல் போட்டு 6,500 ரூபாய் வாங்கிச் சென்றார். பக்கெட் முன்போலவே இறங்கியது. அடுத்ததாக, ஆயில் அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வை இறுக்கிப் பார்க்கலாம் என்று அவர் சொன்னபோதுதான், தெரிந்தவர் ஒருவர் மூலம் கோவையில் உள்ள ஒரு ஹைட்ராலிக் பட்டறையை அணுகினேன்.

மறுநாளே வந்த மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் கேள்விகளாகவே கேட்டார். "காலையில எடுத்த உடனே இறங்குதுங்களா, வண்டி சூடான பொறகுதான் இறங்குதுங்களா?" என்றார். ஆயில் சூடாகி இளகும்போது சிறு கசிவும் பெரிதாகும் என்பதால் அப்படிக் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கெட்டோ எப்போதும் ஒரே வேகத்தில்தான் இறங்கியது. பிறகு லோடரின் கைகளை முழு உயரத்துக்குத் தூக்கி, வலுவான முட்டுக் கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் அசைத்து ஹோஸ்களில் இருந்த அழுத்தத்தை வெளியேற்றினார். ஒவ்வொரு சிலிண்டரிலும் தண்டுப் பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸின் முனையை அடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுத் தூக்கும் திசையில் லீவரைக் கொடுத்தார். பிஸ்டன் சீல் பழுதாகியிருந்தால் திறந்திருக்கும் துவாரம் வழியாக ஆயில் வந்திருக்க வேண்டும், சொட்டுகூட வரவில்லை.

இந்தச் சேவையை நான் மெச்சுவதற்கு அடுத்து அவர் செய்த ஒரு சிறு சோதனையே முதற்காரணம். ஹோஸ்களை மீண்டும் பூட்டி, பக்கெட்டை ஆள் நடமாட்டமில்லாத பக்கம் தூக்கி நிறுத்தி, அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே லீவரைக் கட்டைவிரலால் லேசாக நடுநிலைக்குத் தள்ளினார். பக்கெட் அப்படியே நின்றது. விரலை எடுத்ததும் மறுபடி இறங்கத் தொடங்கியது. லீவர் முழுமையாகத் திரும்பாததால் வால்வுக்குள் நகர்ந்து ஆயில் பாதையைத் திறந்து மூடும் ஸ்பூல் என்ற உருளைத் தண்டு, பாதையை முழுவதும் மூடவில்லை என்பதும், நான் இரண்டாக எண்ணியவை ஒரே கோளாறு என்பதும் அந்த நொடியில் எனக்கு விளங்கின.

வால்வின் முனையிலிருந்த மூடியைக் கழற்றியபோது துருக்கலந்த தண்ணீர் வழிந்தது. லீவரின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்து, வண்டி கழுவும் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஸ்பூலை நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங் துருப்பிடித்து இரண்டாக உடைந்து கிடந்தது. நல்லவேளையாக ஸ்பூலில் கீறல் விழவில்லை. ஸ்பூலும் வால்வு உடலும் ஒன்றுக்கொன்று பொருத்தியே இழைக்கப்படுவதால், ஸ்பூல் கெட்டிருந்தால் வால்வையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். ஸ்பிரிங், ஓ-ரிங்குகள் என்ற ரப்பர் வளையங்கள், ரப்பர் உறை, கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய் ஆயிற்று. பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்து, அழுத்தம் சரியாக இருந்ததால் ரிலீஃப் வால்வைத் தொடவே இல்லை. நடுநிலையில் சுமையைத் தாங்குவது ஸ்பூல்தான் என்பதால், ரிலீஃப் வால்வை இறுக்கியிருந்தால் ஹோஸுக்கும் பம்புக்கும் கேடு வந்திருக்குமே தவிர, பக்கெட் இறங்குவது நின்றிருக்காது.

குறைகளும் உண்டு. ஸ்பிரிங் கிடைக்க இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தார். எந்த அளவு ஓ-ரிங் போட்டார் என்ற விவரம் அதில் இல்லை. சரியான ரப்பர் உறை கிடைக்காமல் வேறொரு வால்வின் உறையைப் போட்டு, பிளாஸ்டிக் டேக் கொண்டு இறுக்கியிருக்கிறார். உறை கிழிந்ததால் வந்த கோளாறுக்கு இதை முழுமையான தீர்வாக என்னால் ஏற்க முடியவில்லை.

வேலை முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. லீவர் கையை விட்டதும் திரும்புகிறது. சுமையோடு ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்த்ததில் பக்கெட் அரை விரற்கடை இறங்கியது. ஸ்பூல் வால்வில் அந்த அளவு இருக்கும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். டேக் போட்ட இடத்தில் தண்ணீர் பீய்ச்சாமல் வண்டியைக் கழுவி வருகிறோம்; சரியான உறை வந்ததும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.