அம்மா வீட்டு மச்சுக்கு யாரு காசு குடுப்பா? மானியமா, லோனா, ஹோம்ஸ்டேயா, இல்ல கழட்டி வித்துரலாமா

போன ஆனி மாசம் தக்கலை பக்கத்துல இருக்கற எங்க அம்மா வீட்டுக்கு ஒரு அண்ணாச்சி கார்ல வந்து எறங்கினாரு. நடுவுல முற்றம் வச்ச பழைய நாலுகட்டு ஓட்டு வீடு, கூரைக்குக் கீழ மரப்பலகை அடிச்ச மச்சு, இப்ப மாமா மட்டும்தான் அங்க இருக்காரு. வந்தவரு செருப்ப கழட்டிட்டு நேரா திண்ணைத் தூண்கிட்ட போனாரு, நகத்தால லேசா கீறினாரு, மோந்து பாத்தாரு, "தூணு அயினி, முன்கதவு தேக்கு, மச்சு பூரா பலா"ன்னு ஜாதகம் சொல்ற மாதிரி சொல்லிட்டே போனாரு. கடைசில, "சாரே வீடும் வேண்டாம் நெலமும் வேண்டாம், மரம் மட்டும் போதும், கழட்டறது ஏத்தறது எல்லாம் எங்க பொறுப்பு, மொத்தமா ஒரு ரேட்டு"ன்னாரு. மாமா வெத்தலைய மென்னுட்டே "இரும், குளிச்சிட்டு வாறேன்"னு போனவரு ஒரு மணி நேரம் வரவே இல்ல, அவரும் காத்திருந்து காத்திருந்து நம்பர எழுதி வச்சிட்டு போயிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குரூப் தீப்பிடிச்சுது. பங்காளிங்க 11 பேரு, அதுல 4 பேரு வெளிநாடு. வித்துரலாம்னு ஒரு கோஷ்டி, அரசாங்க மானியம் வாங்கலாம்னு ஒரு கோஷ்டி, லோன் போட்டு ரிப்பேர் பண்ணலாம்னு ஒருத்தரு, ஹோம்ஸ்டே ஆக்கலாம்னு துபாய்ல இருந்து ஒரு மச்சான். சண்டை போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் பக்கத்து பக்கத்துல வச்சு பாப்போம்னு நான் உக்காந்தேன், ரெண்டு மாசம் போச்சு. இதே நெலமைல நாஞ்சில் நாட்டுலயும் கல்குளம் விளவங்கோடு பக்கமும் எத்தனையோ வீடு கெடக்கு, அதான் எழுதறேன்.

முதல்ல விக்கிற கணக்கு. காசு உடனே கைக்கு வரும்ங்கறது உண்மை, பொய் சொல்லக் கூடாது. ஆனா தூணையும் உத்தரத்தையும் உருவின அன்னைக்கே வீடு போச்சு, அப்புறம் மிச்சம் இருக்கறது வெட்டுக்கல் சுவரு மட்டும், ரெண்டு மழைக்கு தாங்காது. இன்னொண்ணு, 1972ல வந்த தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ண முடியாது, உள்ளூர்லயே அத வாங்கி விக்கிற வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேணும். சித்திர வேலை செஞ்ச பழைய கதவெல்லாம் இதுக்குள்ள வந்து மாட்டிக்க வாய்ப்பிருக்கு, வந்த அண்ணாச்சி லைசென்ஸ பத்தி வாயத் தொறக்கல. இதுல கௌரவமான வழின்னா சென்னை பக்கம் முட்டுக்காட்டுல இருக்கற தக்ஷிணசித்ரா மாதிரி, பழைய வீட்ட கழட்டிக் கொண்டு போய் அதே மாதிரி திரும்ப எழுப்பி வைக்கிறது. 1996ல தொறந்தாங்க, திருவனந்தபுரம் பக்கத்து வீடு ஒண்ணும் அங்க நிக்குது, போய் பாத்தா நம்ம ஆச்சி வீடு மாதிரியே இருக்கும், கண்ணு கலங்கிரும். ஆனா ஒரு மியூசியம் எத்தன வீட்ட எடுத்துக்கும் சொல்லுங்க.

அடுத்து மானியம். குரூப்ல எல்லாருக்கும் இதுதான் ஆசை, ஏன்னா ஓசி காசுன்னு நெனைப்பு. நான் தேடின எடத்துல எங்கயும் அப்படி ஒரு ஓசி காசு இல்லன்னு பிறகுதான் தெரிஞ்சுது. நம்ம பக்கம் சட்டம்னு பாத்தா, தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2012லயே பாஸ் ஆச்சு, நடைமுறைக்கு வந்தது 2024ல, ஒரு முழு மாமாங்கம். சட்டம் இருக்கறது வேற, தனியார் வீட்டு ஓடு மாத்த காசு வரது வேற, ரெண்டையும் போட்டு கொழப்பிக்கிட்டா கனவுலயே வீடு சாஞ்சிரும். மத்திய அரசு பக்கம் 1996ல ஆரம்பிச்ச தேசிய கலாசார நிதி இருக்கு, ஆனா அது பெரும்பாலும் நன்கொடையாளர் காச பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுக்கு திருப்பி விடற ஏற்பாடு, நம்ம மாமா வீட்டு அறப்புரைக்கு, அதான் நெல்லு வைக்கிற கட்டுக்கு, இல்ல.

தனியார் வீட்டுக்கு உள்ளபடியே பாதி காசு குடுத்துப் பாத்த ஊரு நம்ம பக்கத்துலயே ஒண்ணு இருக்கு, புதுச்சேரி. ஐரோப்பிய யூனியன் உதவியோட ஆசியா அர்ப்ஸ்னு ஒரு திட்டம், 2000களோட ஆரம்பத்துல, பழைய கட்டடங்கள பாதுகாக்கற இன்டாக் அமைப்பு கூட நின்னு பண்ணிச்சு. தமிழ்ப் பகுதில கால்வே சுப்பராய செட்டி வீதி, வைசியாள் வீதின்னும் சொல்லுவாங்க, அதுல வரிசையா வீடுகளோட முகப்ப சரி பண்ணாங்க. திட்டம் ஒரு பங்கு, வீட்டுக்காரர் ஒரு பங்கு. 2008ல யுனெஸ்கோ விருதும் கெடச்சுது. தெரு பூரா ஒரே நேரத்துல மாறினதால பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஆசை வந்துச்சு, அதுதான் அதுல பெரிய சூட்சுமம்.

ஆனா இங்கதான் நம்ம ஊருக்கு ஒரு இடி. அந்த காசு முகப்புக்கு. பிரான்ஸ்லயும் இதே கதைதான், ஃபோண்டாசியோன் டு பத்ரிமுவான்னு 1996ல வந்த அமைப்பு தனியார் வீட்டுக்கு ஒரு முத்திரை குடுக்கும், அது கெடச்சா ரிப்பேர் செலவுக்கு வருமான வரில கழிவு உண்டு, ஆனா பொதுவா அந்த வேலை தெருவுல நின்னா கண்ணுக்கு தெரியணும். தெருவுல நின்னு பாத்தா எங்க அம்மா வீட்டுல என்ன தெரியும்? காரை பேந்த மதில், வாசப்படிக்கு மேல கூரை போட்ட ஒரு படிப்புரை, ஒரு மாமரம். இருக்கற அழகு பூரா உள்ளதான், மச்சு, முற்றம், அறப்புரை, நெல்லு கொட்டி வைக்கிற பத்தாயம், கீல் இல்லாம மரக்குமிழ்லயே சுத்தற கதவு. முகப்பு மானியம் வடிவீஸ்வரம், சுசீந்திரம், பறக்கை மாதிரி தெரு வச்ச ஊருக்கு அம்சமா பொருந்தும், தோட்டத்துக்கு நடுவுல ஒத்தையா நிக்கிற வீட்டுக்கு ஒண்ணும் வராது. அதனால "பாண்டிச்சேரில குடுத்தாங்கல்ல"ன்னு கேக்கறவங்க தங்க வீடு எந்த ரகம்னு முதல்ல பாத்துக்கிடுங்க.

அமெரிக்கால பழைய கட்டடத்த சரி பண்ணின செலவுல 20 சதவீத வரிச்சலுகை இருக்கே, அது வந்தா எப்படி இருக்கும்னு குரூப்ல ஒரு தம்பி கேட்டான். இருக்கு, ஆனா வருமானம் வர்ற கட்டடத்துக்கு மட்டும், வாடகை, கடை, ஆபீஸ் அந்த மாதிரி, சொந்தமா குடியிருக்கற வீட்டுக்கு கெடையாது. அதுவும் 5 வருஷத்துல பிரிச்சு பிரிச்சுதான் கழிச்சுக்க முடியும், நடுவுல வித்தா ஒரு பங்க திருப்பிக் கட்டணும். அகமதாபாத்ல வேற தினுசு, பழைய மரவீட்டுக்காரங்க தங்களோட கட்டட உரிமைய, அதாவது மேல மாடி எழுப்பற உரிமைய, பில்டருக்கு வித்து அந்த காசுல வீட்ட சரி பண்ணலாம். மூளைக்காரன் யோசனைதான், ஆனா அடுக்குமாடிக்கு அடிச்சுக்கற ஊர்லதான் அந்த உரிமைக்கு விலை, தக்கலைல அத எவன் வாங்குவான்?

கேரளா பக்கம் பாத்தா வயிறு எரியும். அங்க டூரிசம் டிப்பார்ட்மெண்ட் கிருஹஸ்தலின்னு ஒரு சலுகைத் திட்டம் கொண்டு வந்தாங்க, 50 வருஷத்துக்கு மேற்பட்ட பாரம்பரிய வீடு, டூரிஸ்டுக்கு தொறந்து விடணும், அதான் விஷயம். நம்ம வீடும் அதே தச்சு சாஸ்திரம், அதே அயினி, அதே ஓடு. 1956 நவம்பர் 1ல மாநில எல்லைக் கோடு வேற பக்கமா விழுந்துச்சு, அவ்வளவுதான். அரசியல் பேச வரல, களியக்காவிளை தாண்டினா ஒரு விதி, தாண்டலன்னா வேற விதின்னு சொல்ல வந்தேன்.

அரசாங்கமே வீட்ட எடுத்துக்கிட்டா என்னன்னு ஒரு சித்தி கேட்டாவ. அதுக்கு பதில் நம்ம ஜில்லாலயே ரெண்டு பக்கமும் நிக்குது. பத்மநாபபுரம் அரண்மனை இருக்கறது தமிழ்நாட்டுல, பாத்துக்கிடறது கேரள தொல்லியல் துறை. தினமும் ஆளு, தினமும் தொடைக்கிறாங்க, மரம் பளபளன்னு இருக்கு. அங்கேருந்து கொஞ்ச தூரத்துல இரணியல் அரண்மனை, அறநிலையத்துறை கைல, கூரை விழுந்து உள்ள செடி மொளச்சு பல வருஷம் கெடந்துச்சு. ரெண்டும் அரசாங்கம்தான், ரெண்டும் அரண்மனைதான். வித்தியாசம் எங்கன்னு யோசிச்சா ஒண்ணுல தினம் ஒருத்தன் ஓட்டப் பாக்கான், இன்னொண்ணுல அப்படி யாரும் இல்லாம போச்சு. இத மனசுல வச்சுக்கிடுங்க, அப்புறம் வாறேன்.

லோன் சங்கதி சீக்கிரம் முடிச்சிரலாம். பேங்க்ல கட்டடத்தோட வயச கேட்ட உடனே மேனேஜர் பேனாவ மூடி வச்சிட்டாரு. கெடச்சாலும் பழைய வரி முறைல ரிப்பேர் லோன் வட்டிக்கு குடியிருக்கற வீட்டுக்கு வருஷம் 30,000 ரூபா வரைக்கும்தான் கழிவு, புது வரி முறைல அதுவும் இல்ல. இதெல்லாத்தையும் விட பெரிய ஆபத்து, லோன் காச சீக்கிரம் செலவு பண்ணனும்னு காண்ட்ராக்டர கூப்பிடுவோம், அவன் சுண்ணாம்பு சுவத்துக்கு மேல சிமெண்ட பூசிருவான், ஈரம் வெளிய வர வழி இல்லாம உள்ளயே இருந்து மரத்த தின்னும். காசு இல்லாம கெட்ட வீட்ட விட காசு வந்து கெட்ட வீடு நம்ம பக்கம் அதிகம்னு எங்க வீட்டு மர வேலை பாக்கற மூத்தாசாரி சொல்லுவாரு, நானும் பாத்திருக்கேன்.

ஹோம்ஸ்டே பத்தி மச்சானுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசோட பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்துல 1 முதல் 6 ரூம், அதிகபட்சம் 12 கட்டில், வீட்டுக்காரர் அதே வீட்டுல குடியிருக்கணும். ஹெரிட்டேஜ் ஹோட்டல்னு போர்டு வைக்கணும்னா 1950க்கு முன்னாடி கட்டினதா இருக்கணும், கொறஞ்சது 5 ரூம். வயசு நமக்கு இருக்கு. ரூமுக்கு ரூம் பாத்ரூம்தான் இல்ல. அத வைக்கணும்னா வெட்டுக்கல் சுவர ஒடச்சு பைப்ப கொண்டு போகணும், நூறு வருஷமா மரத்துகிட்ட தண்ணி வராம பாத்துக்கிட்டு இருந்தத நாமளே கைப்பிடிச்சு கூட்டிட்டு வந்த மாதிரி ஆகும். கொல்லப்பக்கம் தனியா குளியலறை கட்டினா தப்பிக்கலாம். ஆனா கன்னியாகுமரிக்கு வர்ற ஆளு சூரிய உதயத்த பாத்துட்டு அடுத்த பஸ் ஏறுறான், அவன தக்கலை தோட்டத்துக்குள்ள நிறுத்தறது லேசு இல்ல. மாமா காலைல 4 மணிக்கு எந்திரிச்சு வெள்ளைக்காரனுக்கு தோசை சுடுவாரான்னு மச்சான் கேக்கவே இல்ல, அதுதான் முக்கியமான கேள்வி.

இவ்வளவும் ஒப்பிட்டு பாத்ததுல எனக்கு புரிஞ்சது, மானியமா லோனா ஹோம்ஸ்டேயான்னு எல்லாமே ஒரே மாதிரி ஒரு வீட்ட நெனச்சு வச்சிருக்கு. ஒரே ஒருத்தர் பேர்ல பட்டா, தெளிவான பத்திரம், முன்பணம் போட கைல காசு. மானியத்துல பெரும்பாலும் முதல்ல நீ செலவு பண்ணு, பில்ல காட்டு, அப்புறம் தாறோம்ங்கற கதைதான். நம்ம வீடுகளோ 1926ல நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் ரெகுலேஷன் வந்து மருமக்கள் வழி, அதாவது சொத்து அக்கா தங்கச்சி பிள்ளைகளுக்குப் போற முறை, கலைஞ்சதுல இருந்து, அதுக்கு முந்தின வருஷம் நாயர் சட்டம் வந்ததுல இருந்து, பாகம் பாகமா பிரிஞ்சு கெடக்கு. ஒரே உத்தரத்துல கெழக்குப் பாதி ஒருத்தருக்கு, மேக்குப் பாதி இன்னொருத்தருக்கு. விண்ணப்பத்துல யாரு கையெழுத்து போடுவா?

அதனால எனக்கு புடிச்ச மாடல் ரெண்டு, ரெண்டுமே சின்ன காசு. ஒண்ணு அயர்லாந்து, அங்க கட்டட மரபு முதலீட்டுத் திட்டம்னு ஒண்ணு உள்ளூர் கவுன்சில் வழியா நடக்குது, கூரை, கூரைத்தண்ணி வடிகால், ஜன்னல்னு சின்னச் சின்ன வேலைக்கு, வீட்டுக்காரரும் பங்கு போடணும். இன்னொண்ணு நெதர்லாந்து. 1973ல மோனுமென்ட்டன்வாக்ட்னு ஆரம்பிச்சாங்க, சந்தா கட்டினா ஆளு ஏணியோட வந்து கூரைல ஏறி ஒவ்வொரு எடமா பாத்து, சின்ன ஓட்டைய அப்பவே அடச்சு, மிச்சத்துக்கு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டு போவான். 2019ல இருந்து அங்க பதிவு பண்ணின பழைய வீட்டுல குடியிருக்கறவங்களுக்கு பராமரிப்பு செலவுல 38 சதவீதம்னு ஒரு மானியமும் வந்துச்சு. கவனிங்க, புதுப்பிக்க இல்ல, பராமரிக்க.

ஏன் இது புடிச்சுதுன்னா ஒரு நாள் மூத்தாசாரிய கூட்டிட்டு போய் மேல ஏறினோம். பின்கட்டு மூலைல ஆறு ஓட்ட எடுத்தாரு, ஓட்ட தாங்கற கழுக்கோல் நுனில விரல வச்சு அழுத்தினாரு, விரலு அப்படியே உள்ள போச்சு, நனஞ்ச அவல்ல குத்தின மாதிரி. "செதலு இல்ல மக்கா, இது தண்ணி, செதலு பின்னால வந்த விருந்தாளியாக்கும்"ன்னாரு. 2017 நவம்பர்ல ஒக்கி புயல் அடிச்சப்போ பலாமரக் கொம்பு விழுந்து அந்த எடத்துல ஓடு ஒடஞ்சுது, யாரு பங்குல வருதுன்னு பேசிட்டே இருந்துட்டோம், ரெண்டு மழைக்காலமும் வருஷா வருஷம் அதுக்குள்ள எறங்கிச்சு. அன்னைக்கு ஆறு ஓடும் ஒரு நாள் கூலியும். இன்னைக்கு நாலு கழுக்கோல், ஒரு உத்தர நுனி, ஓட்டுக்கு அடியில அடிச்ச பட்டியல் மரம் பூரா, கூட மச்சுல மூணு பலகை.

குரூப்ல கடைசில முடிவானது இதுதான். விக்கல. மானியத்துக்கு எழுதிப் போட ஆள் இருந்தா போடட்டும், அத நம்பி உக்காரல. 11 பேரும் மாசம் ஆளுக்கு ஒரு சின்னத் தொகை மாமா கணக்குல போடுறது, பங்கு எதுன்னு பாக்காம சித்திரைல ஒரு தடவ புரட்டாசில ஒரு தடவ மூத்தாசாரி மேல ஏறுறது. துபாய் மச்சான் முதல் மாசமே போட்டுட்டான், நாகர்கோவில்ல இருக்கற ரெண்டு பேரு இன்னும் போடல, பேரு சொல்லல.

பின்கட்டு வேலை பாதி முடிஞ்சுது. நாப்பது ஓடு குறையுது, புது ஓடு பழசோட அளவுக்கு உக்கார மாட்டேங்குது, மேல ஒரு வெரல் இடைவெளி நிக்குது. கல்குளம் தாலுகா பக்கம் யாராவது பழைய வீடு இடிக்கிறதா இருந்தா, ஓட்ட லாரில ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க.