சிஎச்டி: இடம் மிச்சம், அந்த ‘வெரிஃபை’யைத்தான் நம்பேலாது

“மச்சான், சிஎச்டி ஆக்கினாப் பிறகு ஐஎஸ்ஓவை அழிக்கலாமோ?” என்று உப்புவெளி நண்பர் கேட்டார். பிளேஸ்டேஷன் விளையாட்டு டிஸ்க்கின் முழு நகல்தான் ஐஎஸ்ஓ, அதைச் சுருக்கி ஆக்கும் கோப்பு சிஎச்டி. ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) பொருந்தியிருந்தால் அழிக்கலாம், இல்லாவிட்டால் தொடவேண்டாம். ஏனென்று சொல்ல வேண்டும்.

சிஎச்டியைக் குறை சொல்லவே மனம் வராது. பிஎஸ்1 (முதல் பிளேஸ்டேஷன்) டிஸ்க் ஒன்று, டிராக் விவரம் சொல்லும் ஒரு கியூ கோப்பும் தரவுள்ள பல பின் கோப்புகளுமாகச் சிதறிக் கிடக்கும். ஒரு பின்னின் பெயரை மாற்றினாலே கியூ வேலை செய்யாது. சிஎச்டியில் எல்லாம் ஒரே கோப்பு. ஆடியோ டிராக்குகள் ஃபிளாக் முறையில் இழப்பில்லாமல் சுருங்கும். பிஎஸ்1, பிஎஸ்2 விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் டக்ஸ்டேஷன், பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர்கள் இரண்டும் சிஎச்டியை விரிக்காமலே ஓட்டும். பிஎஸ்2 டிவிடியில் இலாபம் விளையாட்டைப் பொறுத்தது: வெற்றிடத்தை நிரப்பிய பூச்சியங்கள் கரைந்துவிடும், வீடியோக் காட்சிகள் அசைந்து கொடுக்காது.

கோபம் வருவது ‘வெரிஃபை’ என்ற சரிபார்ப்புக் கட்டளையில். சிஎச்டி ஆக்கும் நிரலான சிஎச்டிமேன் அதில் பார்ப்பது, சுருக்கும்போது தானே எழுதிவைத்த ஹேஷைத்தான். டிரைவ் தடுமாறித் தப்பாகப் படித்த செக்டரையும் (டிஸ்க்கின் சிறு துண்டு) அப்படியே சுருக்கிவிட்டு, பிறகு ‘எல்லாம் சரி’ என்று சொல்லும். திருகோணமலைக் கடற்காற்றிலும் மாரி ஓதத்திலும் பூஞ்சணம் பிடித்த டிஸ்க்குகளை வைத்திருப்பவருக்கு இந்தச் ‘சரி’யால் என்ன பயன்?

ஆகவே சுருக்குவதற்கு முன்பே ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ-1 ஹேஷை, சரியான டிஸ்க் ஹேஷ்களைத் தொகுத்த ரீடம்ப் தளத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சிடி என்றால் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்து, வேகத்தைக் குறைத்து, முடிந்தால் வேறு டிரைவில் படியுங்கள். முந்திக் கடைகளில் ரைட் பண்ணி விற்ற டிஸ்க்குகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டு டிரைவில் படித்து, இரண்டு ஹேஷும் ஒன்றா என்று பார்ப்பதுதான் வழி. சாயம் மங்கும் டிஸ்க்குகள் என்பதால் அவற்றை முதலில் எடுங்கள்.

இடையில் கரண்ட் போனால் பாதிக் கோப்பு அப்படியே கிடக்கும். மறுபடி ஓட்டினால் ‘கோப்பு ஏற்கெனவே உள்ளது’ என்று மறுக்கும். முடிந்துவிட்டதென நினைத்து மூலத்தை அழித்துவிடாதீர்கள். இந்த இடத்தில் மட்டும் ‘வெரிஃபை’ உதவும்.

கட்டளையிலும் கவனம். பிஎஸ்2இல் அடிப்பக்கம் நீலமாக இருப்பவை சிடி, அவற்றுக்குக் ‘கிரியேட்சிடி’, மற்றவற்றுக்குக் ‘கிரியேட்டிவிடி’. கையடக்கப் பிஎஸ்பிக்கும் ‘கிரியேட்டிவிடி’தான், ஹங்க் (ஒரு தடவையில் சுருக்கும் துண்டு) அளவு 2048 பைட். லிப்கிரிப்ட் என்ற நகல்தடுப்புப் பூட்டுள்ள ஐரோப்பியப் பதிப்பு பிஎஸ்1 விளையாட்டென்றால் அந்தப் பூட்டின் தரவுள்ள எஸ்பிஐ கோப்பையும் அதே பெயரில் பக்கத்திலேயே வையுங்கள்.

இவ்வளவு புகழ்ந்தும் பத்துக்கு ஐந்துதான் கொடுப்பேன். உண்மையான பிஎஸ்2இல் ஓபிஎல் (டிஸ்க் இல்லாமல் விளையாட்டை ஓட்டும் நிரல்) வழியாக விளையாட நினைத்தால் சிஎச்டியைத் திரும்ப ஐஎஸ்ஓவாக விரித்தே ஆகவேண்டும். அப்படி விளையாடுபவர் சுருக்குவதை விட்டுவிட்டு இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கலாம். நான் சிஎச்டியிலேயே தொடர்வேன்.