மத்தியஸ்த சபை: சொந்தக்காரர் உடைத்த பொருளுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

மச்சான் பின்னுக்கு எடுத்த லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) மதிலைச் சாய்த்துவிட்டது. அக்காவின் மகன் வயலுக்கு இரவல் கொண்டுபோன தண்ணீர் மோட்டார் எரிந்து வந்திருக்கிறது. தம்பி கோபத்தில் தகர வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இதற்கெல்லாம் நேரே பொலிஸுக்குப் போனால் குடும்பம் இரண்டாகும், போகாமல் விட்டால் செலவு நம் தலையில் விழும். இடையில் இருப்பதுதான், இரு பக்கத்தாரையும் இருத்திப் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபை. வயதானவர்கள் இன்னும் இணக்க சபை என்றே சொல்கிறார்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த பழைய சபையின் பெயர் அது. இப்போது இருப்பது 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குவது.

சபையை மதிப்பிடும் முன் இந்தப் பகுதியின் வளவு (வீட்டுக் காணி) அமைப்பை நினைவில் வைக்க வேண்டும். வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவதால், தாயின் வளவைப் பிரித்து அக்காவுக்கும் தங்கச்சிக்கும் அடுத்தடுத்து வீடு கட்டிக் கொடுத்திருப்பார்கள். பாதையும் கிணறும் பல இடங்களில் இன்னும் பொது. உறுதி (காணிப் பத்திரம்) பெண்ணின் பெயரில் இருக்கும், சண்டைக்கு முன்னால் நிற்பவர் அவருடைய கணவராக இருப்பார். சபைக்கு எழுதும் கடிதத்தில் உறுதிக்காரியின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். கணவர் தன் பெயரில் எழுதிக் கொடுத்தால், "வீடு உங்கட பேரிலயா?" என்று எதிர்ப்பக்கம் கேட்கும் முதல் கேள்வியிலேயே நாள் தவறிவிடும்.

விண்ணப்பம் எளிது. சபையின் தவிசாளருக்கு ஒரு கடிதம்: இரு பக்கத்தாரின் முழுப்பெயர், முகவரி, சேதம் நடந்த திகதி, என்ன சேதம், நீங்கள் கேட்பது என்ன. கடைசி விடயத்தைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். "நீதி வேண்டும்" என்று முடிக்கும் கடிதத்தை வைத்து யாரும் எதையும் பேசித் தீர்க்க முடியாது. எந்தச் சபைக்கு உங்கள் பகுதி உரியது என்பதைக் கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டால் சொல்வார்கள். அமர்வுகள் பெரும்பாலும் சனி, ஞாயிறில், பாடசாலை போன்ற பொது இடத்தில் நடக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. சட்டத்தரணி உங்களுக்காக வந்து பேச முடியாது. அதனால் செலவு மிகக் குறைவு, பேசத் தெரியாதவருக்குக் கொஞ்சம் சிரமமும்தான்.

மூன்று மத்தியஸ்தர்கள் இருப்பார்கள். பெயர்ப் பட்டியலில் இருந்து ஆளுக்கு ஒருவரைத் தெரிவு செய்யலாம். இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. ஊருக்குள் எல்லாரும் எப்படியோ உறவுதான், ஆனால் இரண்டு வீட்டுக் கலியாணத்திலும் முன்னுக்கு நின்றவரைத் தெரிவு செய்தால், "சொந்தத்துக்குள்ள என்ன மனே கணக்கு, விட்டுக்குடு" என்பதில்தான் அமர்வு முடியும். கட்டட வேலை தெரிந்த ஒருவரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ பட்டியலில் இருந்தால் அவர்தான் நல்லது. முன்னவருக்கு மதிலின் விலை தெரியும், பின்னவருக்கு எழுதத் தெரியும்.

சபைக்குத் தண்டம் விதிக்கும் அதிகாரமும் இல்லை, கட்டளை போடும் அதிகாரமும் இல்லை. எதிர்ப்பக்கம் வராவிட்டால் ஆளைப் பிடித்துக் கொண்டுவரவும் முடியாது. பேச்சு சரிவராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைத் தருவார்கள். அதை வீண் காகிதம் என்று எறிய வேண்டாம். சட்டம் சொல்லும் பெறுமதிக்கு உட்பட்ட சேத வழக்கை அந்தச் சான்றிதழ் இல்லாமல் கோட்டில் (நீதிமன்றத்தில்) தொடங்க முடியாது. அந்த உச்சப் பெறுமதி 1988இல் 25,000 ரூபாயாக இருந்து பின்னர் உயர்த்தப்பட்டது. கடிதம் கொடுக்கும்போதே இன்றைய தொகையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையில் என்ன கொண்டு போகிறீர்கள் என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது.

மதில் என்றால், உடைந்ததைக் கூட்டி அள்ளும் முன் படம் எடுக்க வேண்டும். தூரத்தில் இருந்து ஒன்று, அளவுநாடாவை வைத்து ஒன்று, அத்திவாரத்தில் வெடிப்பு இருந்தால் அதையும் தனியே. மேசனிடம் "மொத்தம் இவ்வளவு" என்று எழுதி வாங்கினால் எதிர்ப்பக்கம் பேரம் பேசும். கணக்காக எழுதச் சொல்லுங்கள். 10 அடி நீளம், 5 அடி உயரம் விழுந்திருந்தால் 50 சதுர அடி. 16க்கு 8 அங்குலச் சீமெந்துக் கல் வீணாவதோடு சேர்த்து 55 முதல் 60 வரை போகும். அதன்பின் சீமெந்து, மணல், கூலி, பூச்சு என்று தனித்தனி வரி. தூண் சாய்ந்திருந்தால் கம்பியும் கொங்கிரீட்டும் வேறு. இப்படி எழுதிய தாளை மறுக்கிறவர் எந்த வரியை மறுக்கிறார் என்று சொல்லியே ஆக வேண்டும். கிடுகு வேலி விழுந்ததற்கு மதில் கட்டும் காசு கேட்பதும் நடக்கிறது. அது எடுபடாது, உங்கள் மற்றக் கணக்கிலும் நம்பிக்கை போய்விடும்.

மோட்டார் விடயம் இன்னும் சிக்கல். எரிந்தது என்பதால் மட்டும் இரவல் வாங்கியவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் முதலில் சீல் கருகும், பிறகு தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக் சுழலியான இம்பெல்லர் வளைந்து உருகும். இம்பெல்லரில் கல்லோ சேறோ இறுகி, சுற்ற முடியாமல் நின்ற மோட்டாரை நிறுத்தாமல் விட்டால் வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பிச் சுருள்) கறுக்கும். இவை பாவித்தவரின் கவனக்குறைவைக் காட்டும். பெயாரிங் தேய்ந்திருந்தாலோ கப்பாசிற்றர் மட்டும் ஊதியிருந்தாலோ அது பெரும்பாலும் பழைமையின் வேலை. வைண்டிங் கடைக்காரர் திறந்து பார்த்து, எது போயிருக்கிறது என்று ஒரு வரி எழுதித் தரட்டும். கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டு அமர்வுக்குக் கொண்டு போங்கள். உருகிய இம்பெல்லரை மேசையில் வைத்தால் அரைமணி நேரப் பேச்சு மிச்சம். ஆறு வருடம் ஓடிய மோட்டாருக்குப் புது விலை கேட்க வேண்டாம். வைண்டிங், சீல், கூலி என்று திருத்தக் கணக்கைக் கேட்டால் மூவரும் உங்கள் பக்கம் சாய்வார்கள்.

இனி உடன்படிக்கை. இந்தச் சேவையில் அதிகம் பிழை வரும் இடம் இதுதான். "சேதத்தைச் சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்டார்" என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்து வைத்துக் கைகொடுத்துப் பிரிவார்கள். மூன்று மாதம் கழித்து மதில் அப்படியே கிடக்கும். எவ்வளவு தொகை, எத்தனை தவணை, எந்தத் திகதி, யார் கையில், எந்தச் சாட்சி முன் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வேலையாகச் செய்து தருவதென்றால் கல்லின் அளவு, பூச்சு உண்டா இல்லையா, முடிக்கும் நாள். காசு பிந்தினால் என்ன செய்வது என்ற வரியும் வேண்டும். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். குறிப்பாக "இரு பக்கத்தாருக்கும் பொதுவான மதில்" என்ற சொற்கள் உள்ளே வந்திருக்கிறதா என்று பாருங்கள். சேதத்துக்குப் போய் எல்லையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் பிறகு பேரப்பிள்ளைகள் காலத்திலும் தீராது. அமர்வில் வாயால் பேசியதைக் கோட்டில் சாட்சியாகக் காட்ட முடியாது, அதனால் மனம்விட்டுப் பேசலாம். கையெழுத்திட்ட தாள் அப்படி அல்ல.

தவறாமல் நடக்கும் ஒன்று: பேச்சு மதிலில் தொடங்கிச் சீதனத்தில் போய் நிற்கும். "எனக்கு ஓட்டு வீடு, அவளுக்கு மாடி வீடு" என்று ஆரம்பித்தால் நல்ல தவிசாளர் நிறுத்துவார், எல்லாரும் நிறுத்த மாட்டார்கள். முதுசக் காணியைப் பிரிக்கும் பாகப்பிரிவினை வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது, அதற்கு இந்தச் சான்றிதழும் தேவையில்லை. இரண்டையும் கலக்க வேண்டாம்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். கைதவறி நடந்த சேதம், காசுக் கணக்கு, நாளைக்கும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டிய இருவர் என்றால் இதைவிட மலிவான நல்ல வழி இல்லை. குடித்துவிட்டு வந்து மாதாமாதம் கதவை உடைக்கிற சகோதரனுக்கு இது சரிவராது. ஞாயிறு காலை தெளிவாக இருந்து வைக்கும் கையெழுத்து வெள்ளி இரவுவரை நிற்காது. உடைப்பதோடு வெட்டுவேன், கொளுத்துவேன் என்ற மிரட்டலும் இருந்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டு, 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அந்தச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் உரியதல்ல, சகோதரர்களும் பிள்ளைகளும் அதற்குள் வருவார்கள். பொருளை உடைத்தது மட்டும் அதற்குப் போதாது. மிரட்டல், அடி, தொடர்ந்த மனத்துன்பம் எதையாவது முறைப்பாட்டில் நடந்தபடி, திகதியோடு சொல்ல வேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

சேத நட்டஈட்டு வழக்குக்குக் காலவரை இரண்டு வருடம். "பெருநாள் கழியட்டும், திருவிழா கழியட்டும்" என்று பெரியவர்கள் இழுத்துக்கொண்டிருந்தால், கடிதத்தையாவது கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்கி, உறுதியோடு சேர்த்து வையுங்கள்.