உரோமாபுரிக்கு டிக்கெட்: கஸ்தூரியார் வீதி மாடியில் ஒரு நம்பகமான இடம்

ஐரோப்பாவுக்கு டிக்கெட் போட வேண்டும் என்று யாராவது கேட்டால், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளுக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு சின்னப் பயண முகவர் அலுவலகத்துக்குத்தான் இப்போது வழி சொல்லி அனுப்புகிறேன். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். தேவைப்படுபவர்கள் கேளுங்கள், தனியாகச் சொல்கிறேன்.

வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். ரோமில் இருக்கும் பழைய வட்டரங்கமான கொலோசியத்தைக் கரும்பலகையில் கீறிக் கீறியே காலம் போய்விட்டது. அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அக்காவுக்கோ இராயப்பர் (புனித பேதுரு) கல்லறைக்கு முன்னால் முழந்தாளிட்டுச் செபிக்க வேண்டும். தங்கை பாரிஸில் இருக்கிறாள், அவளையும் பார்க்காமல் திரும்ப முடியாது. இரண்டு ஓய்வூதியக்காரர்களின் சேமிப்புக்குள் இவ்வளவும் அடங்க வேண்டும்.

அங்கே வேலை செய்யும் பிள்ளையிடம், கைபேசியில் நான் கண்டுபிடித்து வைத்திருந்த மிகக் குறைந்த விலையைக் காட்டினேன். அவள் தொகையைப் பார்க்கவில்லை. கீழே பொடி எழுத்தில் இருந்த வரியைத்தான் பார்த்தாள். "ரீச்சர், இது ஒரு டிக்கெட் இல்லை, இரண்டு தனித்தனி டிக்கெட். நடுவில் இந்தியாவில் பெட்டியை எடுத்து மறுபடியும் போட வேண்டும். உங்களிடம் இந்திய விசா இருக்கிறதா?" என்று கேட்டாள். எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி இதே வலையில்தான் விழுந்தான். இணையத்தில் வாங்கிய டிக்கெட்டோடு கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனவனை, இந்திய விசா இல்லை என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டிய காசும் திரும்பவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு எது மலிவு என்பது திரையில் தெரியும் தொகையை மட்டும் வைத்து முடிவாவதில்லை. அந்தப் பிள்ளைக்கு இது நன்றாகத் தெரிகிறது. நான் இவ்வளவு எழுதுவதற்கு அதுதான் காரணம்.

விலை சொல்வதற்கு முன்னால் அவள் கேட்ட கேள்வி: ரோமில் எத்தனை இரவு, பாரிஸில் எத்தனை இரவு? ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் கூடுதல் நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். எங்களுக்கு ரோமில்தான் கூடுதல் நாள், ஆகவே இத்தாலி. விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்புறுதியும் வேண்டும். டிக்கெட் விலையோடு இவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டித் தந்தாள். வேறு இடங்களில் டிக்கெட் விலையை மட்டும் சொல்லிவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிறகு அவிழ்ப்பார்கள்.

நான் யோசித்து வைத்திருந்தது கொழும்பு–ரோம் போய்வரும் டிக்கெட்டும், இடையில் ரோமிலிருந்து பாரிஸ் போய்வர இன்னொன்றும். அவளோ ரோமில் இறங்கிப் பாரிஸிலிருந்து திரும்பும்படி கத்தார் ஏர்வேஸில் ஒரே டிக்கெட்டாகப் போட்டாள். கத்தாரின் தலைநகர் டோஹாவிலிருந்து இரண்டு நகரங்களுக்கும் அவர்களின் விமானம் இருக்கிறது. ரோமுக்கு மட்டும் போய்வரும் விலையைவிடச் சில ஆயிரம் ரூபாய்தான் கூட. பாரிஸிலிருந்து மறுபடி ரோமுக்குத் திரும்பும் செலவு அப்படியே மிச்சம்.

இனி நான் மெச்சிய விடயத்துக்கு வருகிறேன். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரே விமானத்துக்கு எதிரே ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன; ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இலக்கம். ஒன்பது, ஒன்பது, நான்கு, ஒன்று, பூச்சியம். எல்லாம் ஒரே சாதாரண வகுப்பு ஆசனங்கள்தான். எழுத்துக்கு எழுத்து விலை வேறு, அந்த விலையில் இன்னும் எத்தனை ஆசனம் எடுக்கலாம் என்பதுதான் பக்கத்து இலக்கம். ஒன்பதுக்கு மேல் எத்தனை இருந்தாலும் ஒன்பது என்றுதான் காட்டுமாம். எங்களுக்கு வாய்த்த மலிவு எழுத்தில் நின்றது ஒன்று. இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டால், அந்த எழுத்தில் இரண்டு ஆசனம் இல்லை என்று சொல்லி இரண்டையுமே கூடிய விலைக்குத் தூக்கிவிடும். ஆகவே அக்காவுக்கு மலிவு எழுத்தில் தனியாகவும், எனக்கு அடுத்த எழுத்தில் தனியாகவும் போட்டு, இருவரும் ஒன்றாகப் பயணம் செய்கிறோம் என்று இரண்டு பதிவிலும் குறிப்பு எழுதினாள். அக்காவின் பதிவில் சக்கர நாற்காலி உதவியும் கேட்டு வைத்தாள். அதற்குக் கட்டணம் இல்லை. குடும்பமாகப் போகிறவர்கள் எங்கே டிக்கெட் போட்டாலும், ஒவ்வொருவராகப் போட்டால் என்ன விலை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு நன்மை, காசு கட்டாமலே ஆசனத்தைப் பதிந்து வைப்பது. விசா விண்ணப்பத்துக்குப் பயணப் பதிவு காட்ட வேண்டும், ஆனால் விசா வரும்முன் டிக்கெட்டை வாங்கிவிட்டால், மறுத்தால் காசு போய்விடும். இவர்கள் பதிவுத் தாளை மட்டும் எடுத்துத் தந்தார்கள். கெடு முடிந்து பதிவு ரத்தானபோது மறுபடி போட்டார்கள். விசா ஒட்டிய கடவுச்சீட்டைக் காட்டிய பிறகுதான் காசு வாங்கினார்கள். இடையில் விலை ஏறலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் ஏறியது, அதில் எனக்கு மனக்குறை இல்லை.

விமான நேரத்தைத் தெரிவு செய்வதிலும் யாழ்ப்பாணத்தார் யோசனை இருந்தது. விடியற்காலை விமானம் சற்று மலிவு. ஆனால் அதைப் பிடிக்க முதல் நாளே போய் நீர்கொழும்பில் அறை எடுக்க வேண்டும், மலிவு அங்கேயே கரைந்துவிடும். புத்தளம், நீர்கொழும்பு வழியாக ஓடும் இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கட்டுநாயக்கவில் இறங்கலாம். அதற்குத் தோதாக முற்பகல் விமானம் பார்த்தாள். ரோமிலும் ரயில் ஓடும் நேரத்தில் இறங்கினோம். பியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து ரோமின் பெரிய ரயில் நிலையமான டெர்மினிக்கு நேரே போகும் லியனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் ஒருவருக்கு 14 யூரோ. திரஸ்தேவரே பக்கம் தங்குபவர்களுக்குச் சாதாரண ரயில் 8 யூரோதான். டாக்சி பிடித்தால் ஐம்பதைத் தாண்டும்.

பலாலியையும் கேட்டேன். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த இடம், வீட்டு வாசலில் இருக்கிறது. அங்கிருந்தே புறப்பட எனக்கு மிகவும் ஆசை. சென்னையில் சில நாள் நிற்பவர்களுக்கும் இந்திய விசா உள்ளவர்களுக்கும் அது நல்ல வழி, எங்களுக்குச் சரிவராது என்று மறைக்காமல் சொன்னாள். வரும் காலத்தில் பலாலியிலிருந்து ஒரே டிக்கெட்டில் ஐரோப்பா போக வேண்டும். அதற்காக எங்கள் ஆட்கள் குரல் கொடுக்க வேண்டும்.

எந்த மாதம் என்பதிலும் அவள் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர்கள் திரும்பும் நாட்களில் ஐரோப்பா விமானங்கள் நிரம்பி வழியும், விலையும் உச்சத்தில் நிற்கும். நவம்பரில் போனோம். ரோமில் மழை உண்டு, குளிர் தாங்கலாம், கொலோசியத்தில் நெரிசல் இல்லாமல் நின்று பார்க்கலாம். இராயப்பர் பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாலை ஐந்துக்குப் பிறகு தொலைபேசியை எடுக்க ஆளில்லை. சேவைக் கட்டணத்தைத் தனியாகக் காட்டாமல் டிக்கெட் விலையோடு சேர்த்தே ரசீது எழுதுகிறார்கள். நான் கேட்ட பிறகுதான் பிரித்து எழுதினார்கள். விரும்பிய ஆசனத்தைத் தெரிவு செய்ய எங்கள் டிக்கெட்டில் தனிக் காசு என்பதையும் முன்கூட்டியே சொல்லவில்லை. அந்தப் பிள்ளை விடுமுறையில் நின்றால் மற்ற மேசையில் இருப்பவருக்கு இந்த நுணுக்கங்கள் அவ்வளவாகத் தெரியாது. அவள் எந்த நாளில் நிற்பாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

தங்கைக்கென்று கட்டி வைத்த கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னதும் அவள்தான். பச்சையான பழம், காய்கறி, இலை வகைகளில் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக்கூடியவை அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, துரியன் மட்டுமே. இறைச்சியும் பால் பொருட்களும் கூடாது. மிளகாய்த்தூளையும், காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவையும் நன்றாகப் பொதி செய்து கொண்டுபோனோம். அவற்றை யாரும் தடுக்கவில்லை.