துணிப் பரமபதம்: படம் பிரமாதம், கட்டைதான் சொதப்பல்

மார்கழியில் கோயில் வாசலில் விற்கிற காகிதப் பரமபதம் ஒரே ராத்திரியில் மடிப்போடு கிழிந்துவிடும், அதனால் இந்தத் தடவை துணியில் அச்சடித்த செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். வைகுண்ட ஏகாதசிக்கு விடிய விடிய விழித்திருக்க வாங்கியதுதான், ஆனால் பொங்கல் லீவு முடிகிற வரை கூடத்தில் விரித்தபடியே கிடந்தது.

துணி கெட்டியான பருத்தி. பார்சலைப் பிரித்ததும் பெரியப்பா ஓரத்தை எச்சில் தொட்டு நனைத்து, தன் வெள்ளை வேட்டியிலேயே தேய்த்துப் பார்த்துவிட்டு "சாயம் நிக்கும்" என்றார். திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருந்தவர், அவர் சொன்னால் நம்பலாம். பாம்புகளுக்கு அசுரர்களின் பெயர், ஏணிகளின் அடியில் பக்தி, ஞானம் என்று பொடி எழுத்து, கண்ணாடி இல்லாமல் பெரியவர்களால் படிக்க முடியாது. பெரிய குறை, உச்சியில் இருக்கிற ராட்சதப் பாம்பின் வாய் சரியாக இரண்டு கட்டங்களுக்கு நடுவில் அச்சாகியிருப்பது. கடித்ததா இல்லையா என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் பஞ்சாயத்து. வைகுண்டத்துக்கு நாலு கட்டம் முன்னால் நின்று, கீழ்வரிசைக்கு இறங்கு என்றால் யார் சும்மா இறங்குவார்கள்?

பெரியப்பா இறங்குவார். காயை எடுத்து வைக்கமாட்டார், விரலால் பாம்பின் உடம்பு வழியாகவே மெதுவாக நகர்த்தி வால் நுனி வரை கொண்டுவந்து விட்டு, கட்டையை அடுத்த ஆளிடம் நீட்டுவார். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது அவருடையதும் மூடியது. ஆத்தைப் பார்த்தவன் எவனும் அதைத் தப்புன்னு சொல்லமாட்டான் என்பார். அதற்குப் பிறகு இன்னொருவர் கடையில் கணக்கு எழுதினார், இப்போது கட்பீஸ் துணி வியாபாரம். சின்னதுதான், ஓடுகிறது. என் மகன் ராட்சதப் பாம்பில் விழுந்து அழ ஆரம்பித்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கட்டையைப் புடுங்கிட்டாங்களா? இல்லைல்ல, அப்புறம் என்ன, உருட்டு கண்ணு."

உண்மையில் இந்த ஆட்டத்தில் பாம்பை விடப் பொறுமையைச் சோதிப்பது தாயம்தான். தாயம் விழுந்தால்தான் காயை இறக்கவே முடியும் என்பது எங்கள் வீட்டு விதி. இரண்டு கட்டைகளில் ஒன்று வெறுமையாகவும் மற்றது ஒற்றைப் புள்ளியோடும் விழ வேண்டும், அதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டு தடவை உருட்டியும் விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே வாய்ப்பு இருக்கிறது, அதாவது உங்களுக்கு மட்டும் நேரம் சரியில்லை என்று நினைக்க ஒன்றுமே இல்லை. அதே சமயம் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு எது விழுந்தாலும் மறு ஆட்டம் உண்டு என்பதால், அரை மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்த சித்தி ஒரே மூச்சில் எல்லோரையும் தாண்டிப் போனதையும் பார்த்தோம். இதில் யாரும் அவுட் ஆவதில்லை. தாயக்கட்டத்தில் காயை வெட்டுவார்கள், இதில் அதுவும் இல்லை, எவ்வளவு கீழே போனாலும் உங்கள் முறை சுற்றி வந்துகொண்டே இருக்கும். போன் செயலியிலும் ஆடிப் பார்த்தேன், ம்ஹூம், தாயம் விழாதபோது கட்டையைத் திட்ட முடியாத ஆட்டம் என்ன ஆட்டம்.

திட்ட வேண்டிய கட்டை இந்தச் செட்டில் நிஜமாகவே இருக்கிறது. பித்தளை முலாம் பூசிய ஏதோ லேசான உலோகம், கையில் தேய்த்து உருட்டினால் கனமே தெரியாமல் பாய்க்கு வெளியே ஓடுகிறது, ஒன்றின் விளிம்பு ராவாமல் விரலைக் கீறுகிறது. காய்கள் பிளாஸ்டிக், பச்சையும் நீலமும் டியூப்லைட்டில் ஒரே மாதிரி தெரிகின்றன. விதித் தாளில் கடைசிக் கட்டத்துக்குச் சரியான எண் விழ வேண்டுமா, கூடுதலாக விழுந்தாலும் போகலாமா என்று ஒரு வார்த்தை இல்லை, முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படத்துக்காக வாங்கலாம், ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கட்டை மட்டும் பாத்திரக் கடையில் நல்ல பித்தளையில் தனியாக வாங்கிவிடுங்கள், காய்க்குப் புளியங்கொட்டையும் சோழியும் போதும்.