போர்ட்ஃபோலியோ தளத்தைச் சீரமைக்க லைட்ஹவுஸ்: எதுவரை நம்பலாம்?

டிசைனர்கள் தங்கள் போர்ட்ஃபோலியோ தளத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தால் முதலில் திறப்பது ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியைத்தான். புது நிறம், புது எழுத்துரு, முகப்பை நிறைக்கும் ஒரு படம். பழைய தளத்துக்கு வந்தவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று கணக்கெடுப்பவர்கள் குறைவு. அந்தக் கணக்கில் பாதியைக் காசு வாங்காமல் எடுத்துத் தருகிறது, இணையப் பக்கத்தைச் சோதித்து மதிப்பெண் போடும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவி. மீதிப் பாதியை அது தொடுவதே இல்லை. ஆனால் பெர்ஃபார்மன்ஸ் (வேகம்), அக்செஸிபிலிட்டி (எல்லோரும் பயன்படுத்தும் வசதி), பெஸ்ட் ப்ராக்டீசஸ் (நல்ல நடைமுறைகள்), எஸ்சிஓ (தேடுபொறிக்கு ஏற்ற அமைப்பு) என்ற நான்கு மதிப்பெண் வட்டங்களும் பச்சையாகி 100 காட்டும்போது எல்லாமே முடிந்துவிட்டதாக ஒரு எண்ணம் வந்துவிடும். அதனால் இந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தலாம், எந்த இடத்தில் மூடி வைக்க வேண்டும் என்பது தெரிந்திருப்பது நல்லது.

குரோமில் எஃப்12 அழுத்தினால் வரும் டெவ்டூல்ஸில் லைட்ஹவுஸ் ஒரு டேப். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. இன்னும் பதிவேற்றாமல் உங்கள் கணினியிலேயே ஓடும் தளத்தையும், கம்பெனி ரகசியம் என்பதால் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கும் கேஸ் ஸ்டடியையும் (ஒரு வேலையை எப்படிச் செய்தீர்கள் என்று விளக்கும் பக்கம்) இதில் சோதிக்க முடியும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் தளத்தில் ஓடுவதும் இதே லைட்ஹவுஸ்தான். ஆனால் அங்கே பொதுவில் திறந்திருக்கும் முகவரி மட்டுமே செல்லும். அதன் மேல்பகுதியில் நிஜப் பயனர்களின் 28 நாள் தரவு வர வேண்டும். போர்ட்ஃபோலியோ தளங்களுக்கு அந்த அளவு ஆள் வருவதில்லை என்பதால் அந்த இடம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். கீழே வரும் சோதனைக்கூட எண்களை வைத்தே வேலை பார்க்க வேண்டும்.

இன்காக்னிட்டோ விண்டோவில் ஓட்டுங்கள். விளம்பரத் தடுப்பான், பாஸ்வேர்டு மேனேஜர் போன்ற எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்துக்குள் தங்கள் ஸ்கிரிப்டை நுழைப்பதால் மதிப்பெண் காரணமில்லாமல் இறங்கும். மொபைல் என்பதையே தேர்ந்தெடுங்கள். அந்த முறையில் இணைய வேகம் 1.6 எம்பிபிஎஸ், தாமதம் 150 மில்லிநொடி, ப்ராசஸர் 4 மடங்கு மெதுவாக ஓடுவதாக வைத்துக்கொண்டு கணக்கிடும். அந்த 4 மடங்கு உங்கள் கணினியின் வேகத்திலிருந்தே எடுக்கப்படுவதால், பழைய லேப்டாப்பில் ஓட்டினால் எண் இன்னும் மோசமாக வரும். ஒரே பக்கத்துக்கு ஒருமுறை 71, அடுத்த முறை 80 என்று வருவது சகஜம். 5 முறை ஓட்டி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்புப் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். லைட்ஹவுஸ் ஒரு தடவைக்கு ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கும். கனமான கேஸ் ஸ்டடி பக்கத்துக்குத் தனியாக ஓட்ட வேண்டும்.

பெர்ஃபார்மன்ஸ் மதிப்பெண்ணில் டிபிடி 30 சதவீதம், எல்சிபி 25, சிஎல்எஸ் 25, மீதி இரண்டு அளவுகள் தலா 10. டிபிடி என்பது ஸ்கிரிப்டுகள் பக்கத்தை முடக்கி வைக்கும் நேரம். போர்ட்ஃபோலியோ தளத்தில் அது உயர்ந்தால் பெரும்பாலும் அனிமேஷன் லைப்ரரியோ முப்பரிமாணக் காட்சியோதான் காரணம், கழற்றிவிட்டால் சரியாகிவிடும். எல்சிபியும் சிஎல்எஸும்தான் டிசைனர்களைப் படுத்துபவை.

எல்சிபி, திரையில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ வந்து சேரும் நேரம். 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுளின் வரையறை. 1440 பிக்சல் அகல ஃபிரேமை ஃபிக்மாவிலிருந்து இரு மடங்கு அளவில் (2 எக்ஸ்) பிஎன்ஜி படமாக எடுத்தால் 2880 பிக்சல் படம் கிடைக்கும். அது 4 எம்பி என்று வையுங்கள். 1.6 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு சுமார் 200 கேபி. அந்த ஒரு படத்துக்கே 20 நொடி போய்விடும். ஐம்பது பேரின் விண்ணப்பங்களைப் போனில் புரட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்.

இதற்கு ஒரே படத்தை 640, 1200, 2000 பிக்சல் அகலங்களில் எடுத்து, எச்டிஎம்எல்லின் சோர்ஸ்செட் வழியாகக் கொடுத்து, எது வேண்டும் என்பதை பிரவுசரிடம் விட்டுவிடலாம். 390 பிக்சல் அகலமும் 3 எக்ஸ் அடர்த்தியும் உள்ள போனுக்கு 1170 பிக்சல் போதும். படம் திரையில் எவ்வளவு அகலத்தில் வரும் என்று சொல்லும் சைஸஸ் மதிப்பைக் கொடுக்க மறந்துவிட்டால் படம் திரை முழுக்க வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டு பிரவுசர் பெரிய கோப்பையே இறக்கும். பலருக்கு இந்த மாற்றம் பலன் தராமல் போவதற்கு இதுதான் காரணம். புகைப்படங்களுக்கு வெப்பி கோப்பு வடிவம், தரம் 75 முதல் 80 வரை. ஆப் ஸ்கிரீன்ஷாட்டுக்கு மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். இழப்புள்ள வெப்பி நிறத் தகவலைக் கால்வாசியாகக் குறைத்துத்தான் சேமிக்கும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இருந்தால் அதன் விளிம்பு கலங்கிவிடும். இழப்பில்லா வெப்பியோ நிறம் குறைத்த பிஎன்ஜியோ போடுங்கள். லைட்ஹவுஸ் கோப்பின் எடையைத்தான் பார்க்கும், எழுத்து கலங்கியதைப் பார்க்காது. இன்டர்ஃபேஸ் டிசைனரின் தளத்தில் ஸ்கிரீன்ஷாட் மங்கலாக இருப்பது இரண்டு நொடித் தாமதத்தைவிடப் பெரிய குறை.

இதே இடத்தில் இன்னும் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. எல்லாப் படங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு லேஸி லோடிங் (திரைக்கு அருகில் வரும்போதுதான் படத்தை இறக்குவது) போடுவது ஒன்று. முகப்பின் முதல் படத்துக்கும் அது போய்விட்டால் அந்தப் படம் தாமதமாகத்தான் வரும். அதற்கு மட்டும் லேஸியை எடுத்துவிட்டு, இறக்கும் முன்னுரிமையான ஃபெட்ச் ப்ரையாரிட்டியை ஹை என்று வையுங்கள். மற்றது, மெல்லத் தோன்றும் அனிமேஷன். ஒப்பாசிட்டி 0 ஆக, அதாவது கண்ணுக்குத் தெரியாமல், இருக்கும்வரை அந்தப் பொருளை எல்சிபி கணக்கில் சேர்ப்பதில்லை. படம் ஒரு நொடியில் வந்திருந்தாலும் ஸ்கிரிப்ட் ஓடி அதைத் தெரிய வைக்கும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் திரையில் இருப்பவற்றுக்கு இந்த அனிமேஷன் வேண்டவே வேண்டாம்.

சிஎல்எஸ் என்பது பக்கம் குதிப்பதன் அளவு, 0.1க்குள் இருக்க வேண்டும். படங்களுக்கு அகலம், உயரம் இரண்டையும் எச்டிஎம்எல்லில் எழுதினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். தமிழில் எழுதும் தளங்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. வெப் எழுத்துரு வரும்வரை விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று கணினியில் இருப்பது தெரியும். இவற்றின் அகலம் நீங்கள் தேர்ந்த எழுத்துருவோடு பொருந்தாது. ஒரு வரியில் அடங்கிய தலைப்பு எழுத்துரு மாறியதும் இரண்டாக மடங்கி, கீழே உள்ளதையெல்லாம் தள்ளிவிடும். தலைப்புக்கு ஒரே ஒரு தடிமன் போதும் என்று வைத்து அதை முன்கூட்டியே இறக்கச் சொல்லுங்கள். மாற்று எழுத்துருவின் அளவை சைஸ் அட்ஜஸ்ட் என்ற சிஎஸ்எஸ் அமைப்பைக் கொண்டு நெருக்கமாக்குங்கள். எழுத்துருக் கோப்பைச் சுருக்கும்போது எச்சரிக்கை தேவை. எழுத்துகளை இணைத்துக் காட்ட உதவும் ஜிசப் அட்டவணை வெட்டுப்பட்டால் ‘கு’, ‘மூ’ போன்றவை உடைந்து நிற்கும். லைட்ஹவுஸ் அப்போதும் பச்சைதான் காட்டும்.

அக்செஸிபிலிட்டி பகுதியை நான் இந்தக் கருவியின் மிகப் பயனுள்ள பகுதி என்பேன்; ஆபத்தான பகுதியும் அதுதான். வெள்ளையில் #999 சாம்பல் எழுத்து டிசைனர்களுக்கு மிகவும் பிடித்தது. பின்னணியோடு அதன் ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) 2.85க்கு 1 மட்டுமே. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும். #767676க்கு மாறினால் 4.54 கிடைக்கும். இதை லைட்ஹவுஸ் உடனே பிடித்துக்கொடுக்கும். ஆனால் புராஜெக்ட் தலைப்பைப் படத்தின் மேலேயே வெள்ளையில் எழுதியிருந்தால், பின்னணி நிறம் எதுவென்று அதனால் தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்க முடியாததை அது குறையாக எடுத்துக்கொள்வதில்லை. வெயிலில் போனைப் பிடித்தால் ஒரு எழுத்தும் தெரியாத தலைப்புக்குக்கூட 100 வந்துவிடும். தலைப்பைப் படத்துக்குக் கீழே இறக்குங்கள், அழகு கெடாது.

படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதை விவரிக்கும் ஆல்ட் எழுத்தும் இப்படித்தான். அது இருக்கிறதா என்று பார்க்கும், அதில் பொருள் இருக்கிறதா என்று பார்க்காது. ‘படம் 1’ என்று போட்டாலும் தேறும். ‘மருந்துக்கடை ஆப்: ஆர்டர் உறுதிசெய்யும் திரை’ என்று எழுதுவது உங்கள் பொறுப்பு. மொழிக் குறியீட்டிலும் அதே கதை. தமிழ்ப் பக்கத்தில் லேங் மதிப்பு ஆங்கிலம் என்றிருந்தால் ஸ்கிரீன் ரீடர் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும். லைட்ஹவுஸுக்கோ ஏதோ ஒரு செல்லுபடியாகும் மொழி இருந்தால் போதும். இணைப்புச் சொற்களில் மட்டும் தமிழுக்கு நல்ல கவனம் கொடுத்திருக்கிறார்கள். ‘மேலும் அறிக’, ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று வெறுமனே எழுதிய இணைப்புகளை எஸ்சிஓ பகுதியில் சுட்டிக்காட்டும். எங்கே கொண்டுபோகும் என்பதை இணைப்பிலேயே எழுதுங்கள்.

இனி அது தொடாத பாதி. மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் தலைப்பு தெரியும் கட்டங்கள் போர்ட்ஃபோலியோக்களில் மிக அதிகம். போனில் மவுஸ் இல்லை. வருபவர் பெயரில்லாத படங்களின் குவியலைத்தான் பார்ப்பார். லைட்ஹவுஸுக்கு இது தவறே இல்லை. தேர்வான இடத்தைச் சுற்றித் தெரியும் அவுட்லைன் கோட்டை நீக்கிவிட்டதால் டேப் விசையை அழுத்துகிறவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் போவதும் மதிப்பெண்ணைப் பாதிக்காது. அது அக்செஸிபிலிட்டி பகுதியின் கடைசியில் ‘நீங்களே சரிபாருங்கள்’ என்ற பட்டியலில் ஒளிந்திருக்கும். அந்தப் பட்டியலைத் திறப்பவர்கள் மிகக் குறைவு, தயவுசெய்து திறந்து பாருங்கள். டார்க் மோடு வைத்திருந்தால் எந்த நிறத்தில் பக்கம் திறந்ததோ அதை மட்டுமே சோதித்திருக்கும்; மற்றதற்கு இன்னொரு முறை ஓட்ட வேண்டும். தொடர்புப் படிவம் மெயிலை அனுப்புகிறதா என்பதும் அதற்குத் தெரியாது. படிவத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் தொட்டதும் திரை பெரிதாகிவிடும். அதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வந்தவருக்குத் தேவையானது கிடைத்ததா என்பதற்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது. அதற்கு ஆட்கள் வேண்டும். சின்னச் சோதனைக்கு 5 பேர் போதும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது இந்த அளவுத் தளத்துக்கு நன்றாகவே பொருந்தும். உங்களைத் தெரியாதவர்களாகப் பாருங்கள். அவர்கள் போனிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லி மூன்று வேலை கொடுங்கள்: இவர் என்ன வகை டிசைனர் என்று சொல்லுங்கள், இவர் செய்ததில் ஒரு மொபைல் ஆப்பைக் கண்டுபிடியுங்கள், அதில் இவருடைய பங்கு என்ன என்று சொல்லுங்கள். பேசாமல் பாருங்கள். மூன்றாவது கேள்வியில்தான் பலரும் சிக்குவார்கள், ஏனென்றால் குழுவாகச் செய்த வேலையில் தன் பங்கைத் தெளிவாக எழுதும் டிசைனர்கள் குறைவு. கேஸ் ஸ்டடியின் முதல் திரையிலேயே பங்கு, காலம், குழுவின் அளவு, விளைவு நான்கையும் நான்கு வரியில் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: பழைய தளத்தில் ஒருமுறை ஓட்டி எண்களைக் குறித்துவையுங்கள், ஆட்களை வைத்துப் பக்க அமைப்பை முடிவு செய்யுங்கள், புதியதைக் கட்டியபின் மறுபடி ஓட்டுங்கள். பெர்ஃபார்மன்ஸ் 90ஐத் தாண்டினால் நிறுத்திவிடலாம். 96ஐ 100 ஆக்கச் செலவிடும் மாலையில் ஒரு கேஸ் ஸ்டடியைத் திருத்தி எழுதலாம். கோடு கிட்ஹப்பில் இருந்தால் மாற்றம் செய்யும்போதெல்லாம் சோதனையைத் தானாக ஓட்டும் லைட்ஹவுஸ் சிஐயை இணைத்து, சிஎல்எஸ் 0.1ஐத் தாண்டினால் பில்டு தோற்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

வெளியிடும் நாளில் எஸ்சிஓ பகுதியை மறுபடி பாருங்கள். சோதனைத் தளத்தில் தேடுபொறிகளைத் தடுக்கப் போட்ட நோஇண்டெக்ஸ் அப்படியே நிஜத் தளத்துக்கும் வந்திருந்தால் அங்கே சிவப்பில் தெரியும். பக்க முகவரிகளை மாற்றியிருந்தால் மட்டும் அது உதவாது, உடைந்த இணைப்புகளை அது தேடுவதில்லை. பழைய ரெஸ்யூமே பிடிஎஃப், லிங்க்ட்இன், பிஹான்ஸ் இவற்றிலெல்லாம் இருப்பது பழைய முகவரிகள். ஒவ்வொன்றுக்கும் புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தர வழிமாற்றம்) போட்டு, அந்த பிடிஎஃப்பைத் திறந்து ஒவ்வொரு இணைப்பாகக் கையால் அழுத்திப் பாருங்கள்.