நகருக்குள் பழைய வீடா, புறநகரில் புது வீடா?

விலையை மட்டும் பார்த்தால் புறநகர்தான் ஜெயிக்கும். ஆனால் ஒரு வழிக்கு 45 நிமிடம் கூடினால், 22 வேலை நாளில் 33 மணி நேரம் போய்விடும். விடுமுறை நாளில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். வேலை நாள் காலை நெரிசலில் ஒருமுறை போய் வாருங்கள்.

பழைய வீட்டில் ஒயரிங்கும் குழாயும்தான் கையைக் கடிக்கும். சுவரின் அடியில் சுமார் 1 மீட்டர் உயரம்வரை பெயின்ட் உப்பிப் பொரிந்திருந்தால், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் விரலால் தட்டிப் பாருங்கள். பூச்சு விட்டுப்போன இடம் பொள்ளென்று கேட்கும்.

புறநகரில் தரைமட்டம் முக்கியம். வீட்டின் தரை தாழ்வாக இருந்து, பிற்பாடு சாலையை உயர்த்தினால் மழைநீர் வாசலுக்குள் வரும். குடிநீர் இணைப்பு ‘வரப்போகிறது’ என்றால், இல்லை என்றே கணக்குப் போடுங்கள்.

தினமும் வேலைக்குப் போகிறவருக்கு நகருக்குள் சிறிய வீடே மேல்.